துரையின் கோட்டையும் நம் கோபுரமும்

ஈப்போ ரயில் நிலையத்தை ‘தாஜ்மகால்’ என்பது ஊர்ப் பழக்கம். 1914இல் தொடங்கி 1917இல் முடிந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் தாஜ்மகாலை நினைவூட்டுவது குவிமாடம் மட்டும்தான். உடம்பெல்லாம் ஐரோப்பிய பரோக். வரைந்தவர் லிவர்பூல்காரரான ஏ.பி. ஹப்பக். அதே ஆண்டுகளில் கோலகங்சாரில் எழுந்த உபுடியா பள்ளிவாசலும் அவர் வரைந்ததே; யானைகள் புகுந்து இத்தாலியப் பளிங்கை நொறுக்கிய கதை அதனுடையது.

செத்துப்போன பாணிகளை எழுப்பிக் கட்டும் ஆசை இங்கிலாந்தில் பழையது. 1749இல் ஹொரஸ் வால்போல் தன் ஸ்ட்ராபெரி ஹில் வீட்டைக் கோதிக் பாணிக்கு மாற்றத் தொடங்கியபோது அது ஒரு பணக்காரரின் விளையாட்டு. 1834இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்தபின், புது நாடாளுமன்றம் கோதிக்காகவோ எலிசபெத் காலத்துப் பாணியிலோதான் இருக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். அந்த ஆசை கடல் கடந்து காலனிகளுக்கு வந்தபோது, யாருடைய பழமையை எழுப்புவது என்ற கேள்வி முளைத்தது. சென்னையில் கட்டடக் கலைஞர் சிஷோமின் செனட் ஹவுஸ், 1892இல் உயர்நீதிமன்றம் என்று இந்தோ-சாரசெனிக் எழுந்தது. கோலாலம்பூர் அரசுச் செயலகத்துக்கு முதலில் வரைந்தது ஐரோப்பிய பாணிதான். இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் அதை மாற்றவைத்தார். முஸ்லிம் நாடு, ஆகவே குவிமாடம் பொருந்தும் என்ற கணக்கு. மலாய்க்காரரின் மரவீட்டை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. 1897இல் முடிந்த அதுவே இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம்.

1894 முதல் மதராஸ் கலங்கரை விளக்கு எரிந்ததே அந்த உயர்நீதிமன்றக் குவிமாடத்தின் உச்சியில்தான். மதராஸ் துறைமுகத்தில் மலாயாவுக்குக் கப்பலேறிய சனத்துக்கு ஊரில் கடைசியாகக் கண்ணில் பட்டது அதுவாக இருந்திருக்கும். இறங்கிய நாட்டிலும் அதன் பங்காளிகள் நின்றன. பார்த்தபோது வந்தது ஊர் நினைப்பா, சர்க்கார் பயமா?

பத்து காஜாவுக்கு வருவோம். அங்குள்ள கெல்லி கோட்டை உண்மையில் ஒரு துரை வீடு. கிந்தா கெல்லாஸ் தோட்டத்து முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், 1915 வாக்கில் தன் பழைய பங்களாவை ஒட்டி எழுப்பத் தொடங்கியது. ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் லிஃப்டுக்கு விட்ட குழி, குதிரைலாட வளைவுகள், பூச்சே காணாத செங்கல். மதராஸ் பக்கமிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். ஸ்பானிஷ் காய்ச்சல் வேலையாட்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்க, துரை கட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். 1926 டிசம்பரில் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். வீடு அரைகுறையாக நின்றது.

சுற்றுலா வருகிறவர்கள் அங்கே பேயைத் தேடுகிறார்கள். பக்கத்துக் கோயிலைப் பார்த்தால் இன்னும் ருசியாக இருக்கும். சாமி உருவங்களுக்கு நடுவே துரை உடுப்பில் ஓர் ஆள் நிற்கிறார், ஸ்மித்தேதான் என்கிறார்கள். கோட்டையில் இருப்பதெல்லாம் எங்கிருந்தோ இரவல் வாங்கிய பழமை. சுதை வேலைக்காரர் மட்டும் தன் கண்ணெதிரே நடமாடியதைச் செய்து வைத்தார். அதனால் எங்கள் ஓட்டு அவருக்கு.

இன்று நாமும் துரை வேலையைத்தான் செய்கிறோம். தோட்டங்கள் செம்பனையாகி, வீடமைப்பாகிவிட்டன. மரத்தடிச் சூலமும் தகரக் கொட்டகையுமாக இருந்த கோயில்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டு ஸ்தபதிகள் வந்து கான்கிரீட்டில் ராஜகோபுரம் எழுப்புகிறார்கள். நடுவில் கிடக்கும் தோட்டக் காலத்தைத் தாண்டி நேரே சோழனிடம் போய் நிற்கிறோம். கேலி செய்யவில்லை. இடம்பெயர்க்கப்பட்ட சாமிக்கு உயரமாக ஒரு கோபுரம் கட்டுவதில் நியாயமான வீம்பு இருக்கிறது. ஆனால் எண்ணெய் ஏறிய மரத்தூணும், தண்டலும் கிராணியும் பெயர் எழுதிவைத்த உபயப் பலகையும் கட்டடக் குப்பையோடு லாரியில் ஏறுவதைப் பொறுக்க முடியவில்லை. கோட்டைக்கு டிக்கெட் போட்டுக் காட்டுகிற மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தை இடிக்க ஒரு புல்டோசர் போதும்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு கோரிக்கை: திருப்பணி தொடங்குமுன் பழைய கோயிலை அளந்து, படமெடுத்து வையுங்கள். உபயப் பலகையைப் புதுக்கோயில் சுவரில் பதியுங்கள். வாசகர்களுக்கு: லயத்து வாசல், குசினி, ஆயாக் கொட்டகை, எதன் படமானாலும் தோட்டத்தின் பெயரோடு அனுப்புங்கள். லயத்தைத் தனியாகப் படமெடுத்தவர்கள் குறைவு. கல்யாண ஆல்பத்தில் பந்தலுக்குப் பின்னால் தேடுங்கள். அடுத்த இதழிலிருந்து பக்கம் ஒதுக்குகிறோம்.