கைவேலைக்கு வாரிசு யார்?

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் கொண்டுவந்தவை யாவை என்று கேட்டால், நகையும் பாத்திரமும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பெட்டியின் அடியில் வேறு சில பொருள்களும் இருக்கும். பாட்டி கோத்த மணித்தோரணம், பாட்டனார் செதுக்கிய பல்லாங்குழிப் பலகை, பனையோலையில் முடைந்த சிறு பெட்டி, பழம்புடவைத் துண்டுகளை ஒட்டித் தைத்த குழந்தை விரிப்பு. விற்றால் காசு தேறாதவை. தொலைந்தால் மீண்டும் கிடைக்காதவை. இவற்றை இனி யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி நம் வீடுகள் பலவற்றில் எழுந்திருக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் வாழ்கிறார்கள். பேரக் குழந்தைகளுக்கு அப்பெட்டியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

இக்கேள்விக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது மட்டாஞ்சேரியிலேயே ஒரு விடை இருக்கிறது. 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தை அடுத்த தெருவை யாவரும் அறிவர். 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், அத்தெருக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே குடியேறின. போகாமல் தங்கியவர்களுள் ஒருவர் சாரா கோஹன் அம்மையார். யூத ஆண்கள் வழிபாட்டின்போது அணியும் ‘கிப்பா’ என்னும் சிறு குல்லாயையும், வெள்ளிக்கிழமை இரவு உணவில் ரொட்டியை மூடும் பூவேலைத் துணியையும் அவர் கையால் தைத்து, தம் இல்லத்து முன்னறையிலேயே விற்றுவந்தார்.

அம்மையாருக்கும் அவர் கணவர் ஜேக்கப் கோஹனுக்கும் மக்கட்பேறு இல்லை. ஆனால் அத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொருள் விற்றுத் திரிந்த தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் சிறுவனிடம் அவர்கள் அன்பு கொண்டனர். 1999-இல் கணவர் காலமானார். அதன் பிறகு அம்மையாரைத் தாயைப் போலக் காத்தவர்கள் வளர்ந்துவிட்ட அந்தத் தாஹாவும் அவர் மனைவியுமே. கடையையும் அவரே கவனித்துக்கொண்டார். கிப்பா தைக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். 2019 ஆகஸ்டில், தமது 96-ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அவர் கைவேலை அவரோடு மறையவில்லை. யூதக் குல்லாயைத் தைக்கும் கை இன்று முஸ்லிம் கையாக இருக்கிறது. இரத்தத் தொடர்பு இல்லாத இடத்திலும் வாரிசு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இது யூதர் கதைதானே, நமக்கென்ன என்று அன்பர்கள் எண்ணலாம். செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று வாணிபம் செய்த நகரத்தார் குடும்பங்களில், ஆச்சிமார் ஓய்வுநேரத்தில் சாயமேற்றிய பனையோலையால் கொட்டான் முடைந்தனர்; அதன்மேல் மணியும் நூற்பின்னலும் கொண்டு உறையிட்டனர். திருமண வீடுகளிலும் சீர்வரிசையிலும் அக்கொட்டான்கள் இடம்பெற்றன. கூட்டுக் குடும்பங்கள் கலைந்து, பெரிய வீடுகள் பூட்டப்பட்டபோது முடைபவர் அரிதாயினர். பிறகு விசாலாட்சி ராமசாமி அம்மையார் ஓர் அறக்கட்டளை வாயிலாக முயன்று, அக்கலையைச் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்து மீட்டார். இன்று செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். அதை முடைபவர் ஆச்சியின் பேத்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் பேரப்பிள்ளைகளுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. தொழிலை அயலார் கற்கலாம். ஆனால் அந்த மணித்தோரணத்தை எந்தத் திருமணத்துக்காக, யார், எந்த ஊர்த் திண்ணையில் அமர்ந்து கோத்தார் என்பதை வீட்டார் மட்டுமே சொல்ல முடியும். சொல்ல வல்லவர் போனபின் அது வெறும் மணிக்கோவையாகிவிடும்.

புகைவண்டி நிலையத்தில் சாமான் பதிவு செய்யும் மேசையில் நாம் நாள்தோறும் நிரப்பும் படிவத்தில் எடை எழுத இடமுண்டு. சேருமிடமும் கட்டணமும் எழுத இடமுண்டு. பெட்டிக்குள் இருக்கும் பொருளைச் செய்தவர் பெயரை எழுத இடமில்லை. ரயில்வேக்கு அது வேண்டாம். நம் வீட்டுப் பெட்டிக்கு அது மிகவும் வேண்டும்.

ஆகவே நேயர்கள் சில காரியங்களை இம்மாதமே செய்யலாம். செய்தவர் பெயர், ஊர், ஏறக்குறைய ஆண்டு, செய்த காரணம் ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் பொருளோடு வையுங்கள்; மையெழுத்து ஈரத்தில் பரவிவிடும். நம் கொச்சியின் மழைக்காலம் துணிக்கும் ஓலைக்கும் பகை. பூவேலைத் துணியையும் சரிகையையும் நன்கு துவைத்துலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அவ்விடத்தில் இழை அறும். ஆண்டில் இருமுறையேனும் மடிப்பை மாற்றுங்கள். காற்றாட வைப்பது நிழலிலேயே இருக்கட்டும்; கடும் வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும்.

இவை பொருளைக் காக்கும் வழிகள். கைவேலையைக் காக்கும் வழி ஒன்றுதான்: கற்பிப்பது. நம் வீடுகளில் கோக்கவும் முடையவும் அறிந்த முதியோர் இன்னும் இருக்கிறார்கள். தம் பேத்திக்கு நேரமில்லை என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த வீட்டு மலையாளப் பெண் ஆசையோடு கேட்டால், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டியின் பெயரை நாம் காப்போம். பாட்டியின் கைப்பழக்கத்தைக் கற்க வருபவர் யாராயினும் அவர் காக்கட்டும்.