முயலும் பூனையும் ஒரே கூரையில்: நம்பிக்கை வேறு, காவல் வேறு

பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். மீன் இறங்கும் ஊரில் பூனைக்குப் பஞ்சம் இராது. வலையைக் கடித்துப் பாழாக்கும் எலிக்குப் பூனையே காவல் என்பதால், அதை விரட்டுவாரும் இல்லை. 2010ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், அதையடுத்துக் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் இப்பகுதிக்கு வந்தன. பெரியவர்கள் இருவருமே ஷிப்ட் வேலைக்குப் போகும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் பெருகின. இத்தகைய வீடுகளில், குழந்தை ஆசைப்பட்டதென்று சந்தையிலிருந்து ஒரு சோடி முயல் வாங்கி வருவது உண்டு. கூண்டு ஒன்றை வராந்தாவில் வைத்து, அதே வராந்தாவில் பூனைக்கும் சோறு வைப்பார்கள்.

சில வாரங்கள் எதுவும் நடப்பதில்லை. ஒரு நாள் விடியற்காலை கூண்டு திறந்து கிடக்கும், முயலைக் காணாது. குழந்தை அழும், வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு பூனையைத் தேடுவார். சிலர் பூனையைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய்த் தொலைவில் விட்டுவிடுவர். விஷம் வைப்போரும் உண்டு. இது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் பழி பூனையைச் சேர்ந்ததன்று. தாழ்ப்பாளைச் சரிபார்க்காதவரைச் சேர்ந்தது.

வயிறு நிறைந்தாலும் வேட்டை ஓயாது

"எங்கள் பூனைக்கு மீன் நிறையக் கிடைக்கிறது, அது முயலைத் தொடாது" என்று சொல்வோர் பலர். பூனையின் வேட்டைக் குணம் பசியை மட்டும் பொறுத்ததன்று. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு; முயலோ அச்சம் வந்தால் ஓடுவதையே இயல்பாகக் கொண்டது. ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே உள்ள மக்குவாரி தீவில், மனிதர் கொண்டுவிட்ட பூனைகள் பல்லாண்டுகள் முயலைத் தின்றே வாழ்ந்தன. 2000ஆம் ஆண்டில் பூனைகள் அறவே அகற்றப்பட்டபின் முயல்கள் பெருகி, மலைச்சரிவுகளின் புல்லை மொட்டையடித்தன. பூனை இல்லாமற்போனதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதினர். பின்னர் முயலையும் எலியையும் ஒழிக்க வேண்டியதாயிற்று. 2014இல்தான் அத்தீவு அவற்றிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த இந்த உறவை, வராந்தாவில் வைக்கும் ஒரு கிண்ணம் சோறு மாற்றிவிடும் என எண்ணுவது பேதைமை.

"இரண்டும் குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை" என்பது அடுத்த வாதம். அப்படி இணங்கி வாழும் சோடிகள் உண்டு, மறுப்பதற்கில்லை. நான்கு கிலோ எடையுள்ள வெள்ளை ஜெயண்ட் முயல் பூனையைத் துரத்துவதும் உண்டு. ஆனால் நூறு நாள் இணங்கியிருந்து, நூற்றோராம் நாள் பூனை ஒருமுறை பாய்ந்தால் போதும். முயலுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வலைக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பழக்கலாம்; ஆள் இல்லாத நேரத்தில் ஒன்றாக விடவே கூடாது.

கீறலும் கொல்லும், அச்சமும் கொல்லும்

பூனை முயலைத் தின்றால்தான் ஆபத்து என்பதில்லை. பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்னும் கிருமி சாதாரணமாகக் காணப்படுவது. ஊசி முனை அளவு பல் பட்டாலும் அக்கிருமி இரத்தத்தில் பரவி, ஓரிரு நாளில் முயலை மாய்க்கக்கூடும். மயிருக்குள் காயம் மறைந்திருக்கும், வெளியே தெரியாது. அச்சத்தில் பின்கால்களை உதைத்துத் துள்ளும் முயலுக்கு முதுகெலும்பு முறிவதும் உண்டு. பூனை கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாலே முயல் தீனியை விட்டுவிடலாம். முயலின் குடல் ஓயாது இயங்க வேண்டியது. அரை நாள் தீனி எடுக்காவிட்டாலும், புழுக்கை போடாவிட்டாலும் அது அவசர நிலையே.

காயம் பட்ட முயலை இருட்டான, அமைதியான பெட்டியில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகலாம். முற்றிய நிலையில், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியே கொடுப்பது பெருந்தவறு. அவை முயலின் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே உலை வைக்கும்.

மற்றொரு தவறு உண்ணி மருந்து. நெற்பயிர்ப் பூச்சிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில், பூனையின் உண்ணி, தெள்ளுக்கும் மருந்தாக விற்கப்படுகிறது. பூனைக்குப் பாதுகாப்பான அதே மருந்து முயலுக்கு நஞ்சு. மருந்து போட்ட பூனை முயலோடு உரசுவதும் தகாது. பெர்மெத்ரின் கலந்த மருந்தோ பூனைக்கு நஞ்சு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குப் போடக் கூடாது.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும். பூனையை வெளியே நிறுத்தாது. அதன் கண் வழியே பூனையின் முன்னங்கால் நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ்ஷே ஏற்றது. பழைய மீன்வலையை மறைப்பாகக் கட்டுவதும் வீண். முயல் அதைக் கடித்துவிடும், காலும் சிக்கிக்கொள்ளும்.

காட்டுப்பள்ளி போன்ற கடற்கரை ஊர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை தேவை. உப்புக் காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் வலை, பூனை பாய்ந்து மோதும்போது மூலையில் இற்றுவிடும். ஆதலால் மாதம் ஒருமுறை மூலை, கீல், தாழ்ப்பாள் மூன்றையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த பகுதியை உடனே மாற்றுவது நலம்.

கூண்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்தி வைப்பது காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனால் பூனைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டன்று. எனவே மேற்புறமும் கம்பிவலையால் மூடப்பட வேண்டும்; வெயில் தாழ ஓலை வேய்ந்தால், வலை ஓலைக்கு அடியில் இருக்க வேண்டும். மூன்று பக்கம் பலகை அடைப்பும், உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் அவசியம். கூண்டின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பும் அண்டாது. முயல் 30 முதல் 32 நாளில் குட்டி ஈனும்; குட்டிகள் கண் திறவாமல், மயிரின்றிப் பிறப்பவை. அவ்வேளையில் காவல் இரட்டிப்பாக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இரட்டைத் தடுப்பு. கூண்டு ஒன்று, அறைக் கதவு மற்றொன்று. ஒன்றை மறந்தால் மற்றது காக்கும். முயலை வெளியே உலவ விடும் நேரத்தில் பூனை வேறு அறையில் இருக்கட்டும். விடியலிலும் அந்தியிலும் இரண்டுமே சுறுசுறுப்பாக இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து அசதியோடு வருவோர் கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்கும் வேளையும் அதுவே. பூனையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டே முயலுக்குத் தீனி வைக்க வேண்டும். பூனையின் மலம் பட்ட புல்லால் டாக்ஸோபிளாஸ்மா நோய் முயலுக்கு வரக்கூடும் என்பதால், புல்லை மூடி வைக்க வேண்டும். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாது போட வேண்டும்.

வாங்குமுன் எண்ணுக

காட்டு முயல் குட்டியைப் பிடித்து வந்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்பு முயலோ சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. எளிதாகக் கிடைப்பதாலேயே எண்ணிப் பாராமல் வாங்குகிறார்கள். இரண்டு கதவு வைக்க இடமில்லாத ஒற்றை அறை வீட்டில், பூனையும் இருக்குமாயின், முயல் வாங்காமல் இருப்பதே முயலுக்குச் செய்யும் நன்மை. குழந்தையிடம் "இல்லை" என்று சொல்வது கடினம்தான். ஆனால் ஆசையாய்ப் பெயர் வைத்த முயல் ஒரு காலையில் இல்லாமற்போனதை அக்குழந்தைக்கு விளக்குவது அதைவிடக் கடினம்.

பூனை பூனையாகவே இருக்கும். முயல் முயலாகவே இருக்கும். இடையில் தாழ்ப்பாள் போட வேண்டியவர் மனிதரே.