ஹெல்மெட்டைக் கழற்றிய விஞ்ஞானிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது 'ப்ரொமிதியஸ்' படத்தைப் போட்டுத் தாக்கும் பதிவு. கதை, முடிவு எல்லாம் வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். பார்க்காமலே படித்தாலும் பெரிய நஷ்டமில்லை :-)

ரிட்லி ஸ்காட் 1979-ல் 'ஏலியன்' எடுத்தார். முப்பத்து மூன்று வருடம் கழித்து, 2012-ல், அதன் முன்கதையை அவரே எடுத்தார். உலகம் முழுக்க சுமார் 40 கோடி டாலர் வசூல். ஆகவே தோற்ற படம் என்று யாரும் சொல்ல முடியாது. ஏமாற்றிய படம். இரண்டும் வேறு வேறு.

படத்தைத் திட்டுபவர்கள் பொதுவாகச் சொல்வது, விடை சொல்லவில்லை, கேள்விகள் அப்படியே நிற்கின்றன என்பது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நம்மைப் படைத்தவன் யார் என்ற கேள்விக்கு இரண்டு மணி நேரத்தில் ஹாலிவுட் பதில் சொல்லும் என்று யார் எதிர்பார்த்தது? என் கோபம் வேறு. பூமியிலிருந்து பொறுக்கியெடுத்து, லட்சம் கோடி டாலர் செலவு செய்து அனுப்பிய நிபுணர்கள், எங்கள் பிளான்ட்டில் முதல் நாள் வேலைக்கு வந்த கான்ட்ராக்ட் பையன் அளவுக்குக்கூட ஜாக்கிரதை இல்லாமல் நடந்துகொள்கிறார்கள்.

எனக்குப் பொட்டி தட்டும் வேலை இல்லை மக்களே. பரோடா பக்கம் ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒரு காலித் தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் என்னென்ன நடக்கும் தெரியுமா? வெசல் என்ட்ரி பர்மிட் வேண்டும். உள்ளே வரும் குழாய்களை எல்லாம் கழற்றி அடைத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 23.5-ஐத் தாண்டக் கூடாது. தீப்பிடிக்கும் வாயு, விஷ வாயு தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு ஆள் நிற்பான். உள்ளே இருப்பவர்களைக் கவனிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. டீ குடிக்கப் போக வேண்டுமானாலும் மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். இத்தனையும் நாமே வரைந்து, நாமே கட்டி, நாமே நிரப்பிக் காலி செய்த ஒரு தொட்டிக்கு!

இப்போது படத்துக்கு வாருங்கள். வேற்றுக் கிரகத்துத் துணைக்கோள். யார் கட்டினார்கள் என்றே தெரியாத குகை. உள்ளே காற்று சுவாசிக்கத் தகுந்தது என்று கருவி காட்டியதும் ஹாலோவே ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். பின்னாலேயே மற்றவர்களும். ஐயா, ஆக்சிஜன் மீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். அதற்குத் தெரியாத கிருமியைப் பற்றி அது என்ன சொல்லும்? பூமியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடே கொஞ்ச நேரம் அழுகிய முட்டை நாற்றம் அடித்துவிட்டு, அளவு ஏறியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பவன்தான் விழுவான்.

அடுத்து ஃபைஃபீல்ட். குகையை வரைபடமாக்கும் பறக்கும் கருவிகள் இவனுடையவை. இவனே வழி தெரியாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறான். கப்பலில் இருப்பவர்களின் திரையில் அவன் நிற்கும் இடம் புள்ளியாகத் தெரிகிறது, யாரும் வழி சொல்லவில்லை. ராத்திரி திரையைக் கவனிக்க வேண்டிய கேப்டன் ஜானெக் சரசமாடக் கிளம்பிவிடுகிறான். அந்த நேரத்தில், சற்று முன்பு செத்த உடம்பைக் கண்டு நடுங்கிய உயிரியல் நிபுணர் மில்பர்ன், படமெடுத்து நிற்கும் வெள்ளைப் பாம்பைச் செல்லம் கொஞ்சக் கையை நீட்டுகிறார். அப்புறம் என்ன, கையைச் சுற்றி எலும்பை முறித்து, வாய் வழியாக உள்ளே போகிறது. தங்கமணி பக்கத்திலிருந்து, "நல்லா வேணும்" என்றார். பயமுறுத்த எடுத்த காட்சிக்கு அப்படி ஒரு வரவேற்பு!

இதற்குப் படத்தின் ரசிகர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நிஜ மனிதர்களும் முட்டாள்தனம் செய்வார்களே, படித்தவன் தப்பு செய்வதில்லையா என்று. செய்வான். நன்றாகவே செய்வான். ஆனால் காரணத்தோடு செய்வான். 1984 டிசம்பரில் போபாலில் விஷ வாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய ஃப்ளேர் டவர் பழுது பார்ப்பதற்காக இணைப்பு கழற்றப்பட்டுக் கிடந்தது. யாரோ ஒருவன் திடீரென்று மூளை கெட்டுப்போய்ச் செய்தவை அல்ல இவை. செலவைக் குறை, ஆளைக் குறை என்று மேலே இருந்து வந்த நெருக்கடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்தது. எங்கள் தொழிலில் விபத்து விசாரணை என்றால் 'யார் செய்தான்' என்பது முதல் பக்கம். 'ஏன் செய்தான்' என்பதுதான் மீதி ஐம்பது பக்கம்.

1979 படத்துக்கு இது தெரிந்திருந்தது. நாஸ்ட்ரோமோ கப்பலில் இருப்பவர்கள் ஏழு பேர். இரண்டு கோடி டன் தாது இழுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் பேசுவது போனஸ் பற்றி. பாதி வழியில் ஏதோ சிக்னல் வருகிறது. போய்ப் பார்க்காவிட்டால் பங்குப் பணம் முழுக்கப் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. ஊரை விட்டு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நமக்கெல்லாம் அந்த மேஜைப் பேச்சு எவ்வளவு நன்றாகப் புரியும்! முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டவனைத் தூக்கி வருகிறார்கள். கேப்டன் வெளியே, ஆகவே கப்பல் பொறுப்பு ரிப்ளியிடம். இருபத்து நான்கு மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஆஷ் திறந்துவிடுகிறான். ஏன் திறந்தான் என்பது பின்னால் தெரிய வருகிறது: அவன் மனிதனே இல்லை. ஜந்துவைக் கொண்டு வா, ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்று கம்பெனி அவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. விதி இருந்தது, ஒருத்தி அதைக் காத்தாள், பணம் அதை உடைத்தது. அந்தப் பயம் நாற்பது வருடம் கழித்தும் நிற்கிறது. 2020-ல் குடியிருப்பு கேட்டில் நின்று, "பதினாலு நாள் முடியட்டும் சார்" என்று அழுகிற குடும்பத்திடம் சொல்ல வேண்டியிருந்த வாட்ச்மேனை நாம் எல்லோருமே பார்த்தோம். ரிப்ளியின் வேலை எத்தனை கஷ்டம் என்று அப்போது புரிந்தது.

நிற்க. ப்ரொமிதியஸைச் சரி செய்யப் புதுக் கதை எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. தேவையான சரக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு ஆளை இடம் மாற்றினால் போதும்.

அந்த ஆள் பீட்டர் வேலண்ட். கம்பெனி முதலாளி, சாகக் கிடக்கும் கிழவர். செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, கப்பலிலேயே ரகசியமாக உறைதூக்கத்தில் இருக்கிறார். நம்மைப் படைத்தவர்களிடம் கெஞ்சி ஆயுளை நீட்டிக்கொள்ளும் திட்டம். இது நமக்குத் தெரிய வரும்போது படம் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. பெரிய திருப்பமாம்! யாராவது அதிர்ந்தீர்களா? கய் பியர்ஸ் முகத்தில் ரப்பரை அப்பிக் கிழவராக்கியதுதான் எனக்கு அதிர்ச்சி.

அவரை முதல் காட்சியிலேயே எழுப்பி உட்கார வையுங்கள். சக்கர நாற்காலி, ஆக்சிஜன் குழாய், மருத்துவர் கொடுத்த கெடு மூன்று நாள். இப்போது அதே காட்சிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். இருட்டுவதற்குள் திரும்பலாம் என்று குழு சொல்கிறது. இல்லை, இன்றே உள்ளே போ என்கிறார் முதலாளி. கிருமிச் சோதனைக்கு இரண்டு நாள் ஆகும் என்கிறார் மில்பர்ன். அவ்வளவு நேரம் என்னிடம் இல்லை என்கிறார் அவர். ஹெல்மெட் கழற்றுவது திமிர் இல்லை, கட்டளை. ஹாலோவேயின் குடிபானத்தில் டேவிட் கறுப்புத் திரவத்தைச் சொட்டு விடுகிறதே, அதுவும் புரியாத விஷமத்தனமாகத் தெரியாது. படத்திலேயே டேவிட் தூங்கும் கிழவரிடம் பேசிவிட்டு வந்துதான் அதைச் செய்கிறது. இன்னும் முயற்சி செய் என்பது அவர் உத்தரவு. எழுதி வைத்த காரணத்தை ஒளித்துவிட்டு, வெறும் காரியத்தை மட்டும் காட்டினால் முட்டாள்தனமாகத்தானே தெரியும்?

இதைவிட எனக்குப் பொறுக்காதது விக்கர்ஸுக்கு நடந்த அநியாயம். சார்லிஸ் தெரோன் நடித்த பாத்திரம். உடம்பெல்லாம் நோய் பரவிய ஹாலோவேயைக் கப்பலில் ஏற்ற மாட்டேன் என்று சரிவுப் பாதையில் தீப்பீச்சியோடு நிற்கிறாள். அவன் முன்னே வருகிறான், எரிக்கிறாள். யோசித்துப் பாருங்கள், அந்தக் கப்பலிலேயே விதியைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவள்தான். ரிப்ளி செய்ய முடியாமல் போனதைச் செய்து காட்டியவள். படம் அவளை ஈரமில்லாத வில்லியாக வைத்து, கடைசியில் சக்கரம் போல் உருண்டு வரும் கப்பலுக்கு முன்னால் நேர்கோட்டில் ஓடவிட்டு நசுக்குகிறது. பக்கவாட்டில் ஓடத் தெரியாதா அம்மணிக்கு? போதாததற்கு அவள் வேலண்டின் மகள். அப்பா போனால் கம்பெனி தன்னுடையது என்று காத்திருப்பவள். அப்பாவுக்கு அவசரம், மகளுக்குத் தாமதம் வேண்டும், நடுவில் பதினைந்து ஊழியர்கள். இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? கையில் வைத்துக்கொண்டே கோட்டை விட்டார்கள்.

அந்த 'இன்ஜினியர்' விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன். 1979-ல் நாற்காலியோடு நாற்காலியாக வளர்ந்து கல்லாகிப்போன ராட்சத உடல் ஒன்று வரும், கீகர் உருவாக்கியது. அது இன்னும் பெரிதாகத் தெரிய, சின்ன உடைகளில் குழந்தைகளை, தன் மகன்களையும் சேர்த்து, பக்கத்தில் நிற்க வைத்துப் படமெடுத்தார் ஸ்காட். அவ்வளவு பாடுபட்டுச் செய்த மர்மம், 2012-ல் ஒரு உடையாகிவிட்டது. உள்ளே வெள்ளையாக, மொட்டைத்தலையோடு ஒரு பயில்வான். அவனை எழுப்பி டேவிட் பேசுவது ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழி. அனில் பில்டூ என்ற மொழியியலாளர் உழைத்துத் தயாரித்துக் கொடுத்தது. அவன் பதில் பேசும் காட்சியும் எடுத்தார்கள், பிறகு வெட்டிவிட்டார்கள். படத்தில் அவன் ஒரு வார்த்தை பேசாமல் டேவிட்டின் தலையைப் பிய்க்கிறான். வெட்டியதை ஒட்ட வைத்தாலே அவன் மிருகமா, நியாயம் பேசுகிறவனா என்று நமக்கு ஒரு சண்டையாவது கிடைத்திருக்கும். (அந்த மொழிக் குடும்பத்தில் தமிழ் கிடையாது, குஜராத்தி உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு மாமியை அனுப்பியிருந்தால் ஒருவேளை சமாளித்திருப்பார்.)

டேவிட்டாக வந்த மைக்கேல் ஃபாஸ்பெண்டரையும், ஷா தனக்குத் தானே அறுவை செய்துகொள்ளும் காட்சியையும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த அறுவைக் காட்சியில் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. அங்கே அவள் யோசித்து, சரியான முடிவெடுத்து, சரியாகவே செய்கிறாள். இயந்திரம் ஆண்களுக்கு மட்டும் அமைக்கப்பட்டது என்கிறது, அதற்கும் வழி கண்டுபிடிக்கிறாள். அப்போதும் சாவு நெருங்குகிறது. படம் முழுக்க இப்படி இருந்திருக்க வேண்டியது.

2017-ல் 'கவனன்ட்' வந்தது. இந்த முறை குழு கதவைத் திறந்து, ஹெல்மெட்டே போடாமல் புதுக் கிரகத்தில் இறங்கியது. ஒருவன் காதுக்குள் பொடி போவதைப் பார்த்ததும் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், நாளைக்குக் காலை ஆறு மணி ஷிப்ட் வேறு.