டிஸ்க்கைக் கடையாதீங்கப்பா!

எங்க திருநகர் பக்கம் பழைய வண்டி வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான். பிரேக் பிடிச்சா லிவர் விரலை உதைக்குதா? "டிஸ்க் பெண்டு தம்பி, லேத்துல ஒரு கட்டிங் போட்டா சரியாயிரும்." அளந்து பாத்தீங்களாண்ணேன்னு கேட்டா, முப்பது வருச அனுபவம்னு பதில் வருது. அனுபவத்துக்கு மில்லிமீட்டர் தெரியுமா மக்களே?

கொஞ்சம் வரலாறு. 1983ல எஸ்கார்ட்ஸ் இங்க ராஜ்தூத் 350 கொண்டாந்தப்ப, வெளிநாட்டு யமஹா ஆர்.டி. 350ல இருந்த முன் டிஸ்க்கைத் தூக்கிட்டு டிரம்மை மாட்டி வித்தாங்க. அதனாலதான் பலபேர் இன்னைக்கும் அந்த வண்டிக்கு வேற வண்டியோட டிஸ்க்கை அடாப்டர் தட்டு வச்சு மாட்டுறாங்க. ஆசை நியாயம்தான். ஆனா அந்தத் தட்டு கொஞ்சம் கோணியிருந்தாலும், ஹப்புல துரு ஒட்டியிருந்தாலும், டிஸ்க் விளிம்பு ஆடும். ஆடி ஆடியே ஒரு பக்கம் தேயும். அப்புறம் லிவர் உதைக்கும். பழி மட்டும் டிஸ்க்குக்கு! அதைக் கழட்டிக் கடைஞ்சு கொண்டாந்தாலும் அதே கோணல் மேலதானே உக்காரப் போகுது?

ரேஸ் கார் இன்ஜினியர் கரோல் ஸ்மித், 'டிஸ்க் வளைஞ்சிருச்சு'ங்கிறதே பெரும்பாலும் கட்டுக்கதைன்னு எழுதியிருக்கார். பேடு மேல இருக்கிற பொருள் டிஸ்க்குல திட்டுத்திட்டா ஒட்டிக்கிறதுதான் காரணங்கிறது அவர் கட்சி. "அது கார் சார்"னு சண்டைக்கு வருவீங்க. ஒத்துக்கறேன். பைக் டிஸ்க் மெல்லிசு, அடிபட்டா நிஜமாவே வளையும். அதனாலதான் எது காரணம்னு பாத்துட்டு கை வைங்கன்னு கத்துறேன்.

டயல் கேஜை வச்சு சக்கரத்தை மெதுவா சுத்துங்க. ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்னு வண்டி மேனுவல்ல இருக்கும். அதைத் தாண்டினா, மேடு வர்ற இடத்துல ஹப்புலயும் டிஸ்க்குலயும் மார்க் போடுங்க. துருவைச் சுரண்டிட்டு டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டுங்க. மேடு ஹப் மார்க்குலயே நின்னா குத்தம் ஹப்புல. டிஸ்க்கோட நகர்ந்தா டிஸ்க்குல. அரை மணி நேர வேலை.

அடுத்து மைக்ரோமீட்டர். டிஸ்க்குல பெரும்பாலும் குறைஞ்சபட்சத் தடிமன் பொறிச்சிருக்கும். அதுக்குக் கீழ போச்சுன்னா மாத்து, வேற பேச்சில்ல. வளைஞ்சிருந்தாலும் மாத்து. ஏற்கெனவே தேஞ்ச டிஸ்க்கை இன்னும் கடைஞ்சா சூட்டை வாங்கிக்க இரும்பு ஏது? சீக்கிரம் கொதிக்கும், மறுபடி கோணும், மறுபடி லேத்து.

"பழைய வண்டி, பார்ட் கிடைக்காது"ம்பீங்க. பெட்ரோல் டேங்க் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் மாசக்கணக்கா அலையுறோமே, அதுல பாதி அலைச்சலை பிரேக்குக்கு அலைய மாட்டோமா? திருமங்கலம் ரோட்டுல முன்னாடி போற பஸ் சட்டுனு நின்னா, நம்ம டேங்க் பளபளப்பைப் பாத்துட்டா நகரப் போகுது? பின்னாடி சம்சாரமும் குழந்தையும் உக்காந்திருக்காங்க ஐயா.

அடுத்த தடவை யாராவது "ஒரு கட்டிங்"னு ஆரம்பிச்சா, டயல் கேஜை எடுங்கண்ணேன்னு சொல்லுங்க. இல்லைன்னா சக்கரத்தைக் கழட்டவே விடாதீங்க.