களி தின்றவன் பேசுகிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அடியாளின் சட்டையைப் பிடித்து, உள்ளே தள்ளினால் களிதான் திங்கணும் என்கிற மாதிரி ஏதோ மிரட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, நாம தினமும் ராத்திரி களி திங்கறோமே, நாம என்ன தப்பு பண்ணோம்?"

பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம்ம தொரப்பள்ளிப் பக்கம் களி என்றால் ராகிக் களி. அதையே கன்னடக்காரர் முத்தே என்பார், தெலுங்குக்காரர் சங்கட்டி என்பார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீருக்குச் சண்டை வந்திருக்கிறது, பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். உருண்டைக்காக யாரும் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. 1996-ல் தேவகவுடா பிரதமரானபோது, அவர் முத்தே சாப்பிடுகிறவர் என்று கர்நாடகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பெங்களூரு மிலிட்டரி ஹோட்டல்களில் முத்தேக்கு இன்றும் கூட்டம் நிற்கிறது. முப்பது நாற்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம் வந்தால் அதே உருண்டை ஜெயில் சாப்பாடாகிவிடுகிறது!

ஒரு காலத்தில் சிறையில் களி போட்டது உண்மைதான். அங்கேயே காலம் மாறி, பொங்கல், உப்புமா என்று வந்துவிட்டது. நம் சினிமா வசனம்தான் இன்னும் மாறவில்லை. ஜெயிலுக்குப் போவதே கேவலம் என்று வைத்துக்கொண்டால், நம்ம ஊர்க்காரர் ராஜாஜியை என்ன சொல்வது? 1878-ல் இந்தத் தொரப்பள்ளியில் பிறந்தவர், 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். 1930-ல் வேதாரண்யத்தில் உப்புக் காய்ச்சி மறுபடியும் போனார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். அவர் பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. ஜெயிலுக்குப் போனவரைக் கும்பிடுகிற நாம், ஜெயிலில் போட்ட சாப்பாட்டுக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

வெட்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1981-ல் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் வாரம் அம்மா தூக்குப் போசியில் இரண்டு உருண்டையும் கீரைக் கடைசலும் கொடுத்தனுப்பினார். கேன்டீனில் மூடியைத் திறந்ததும் வெளியூர்ப் பையன் ஒருவன், "என்னப்பா, ஜெயில்லேர்ந்து நேரா வர்றியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அம்மாவிடம், "எனக்குச் சோறு கட்டிக் கொடு" என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு மட்டும் தனியாக அரிசி வெந்தது. வீட்டில் மற்றவர்களுக்குக் களிதான். அரிசி விற்ற விலையில் அது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சாப்பிட்டேன்.

இப்போது கதை தலைகீழ். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, ராகி பங்களாக்களுக்குக் குடிபோய்விட்டது. பளபளப்பான டப்பா, பச்சை இலைப் படம், மேலே 'பாட்டி காலத்து' என்று ஒரு வாசகம். பாட்டி அதைப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் முழிப்பாள். ராகி பிஸ்கட் என்று வாங்கிப் பின்பக்க எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். பலதில் மைதாவும் சர்க்கரையும் முன்னால் நிற்கும், ராகி எங்கோ கடைசியில் நிற்கும். நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் வாக்கில் கால்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் பத்து தேறுவதே சிரமம். எல்லாம் சரி. ஆனால் என் அப்பா கால்சியத்துக்காகக் களி சாப்பிடவில்லை. பசித்தது, சாப்பிட்டார்.

வடிவமைப்பு என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்களே, களி கிண்டுகிற சாமானைப் பார்க்கட்டும். ஒரு நீளத் துடுப்பு. பானை நகராமல் காலால் அழுத்திப் பிடிக்க ஒரு கவைக்கோல். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் துளை போட்டு, வெந்ததும் இறக்கிக் கிண்டினால் கட்டி தட்டாது. ஈரக் கையால் உருட்டி வைத்தால் ஆயிற்று. தொட்டுக்கொள்ள எதையும் தேடிப் போக வேண்டாம். ராகிக் கொல்லையிலேயே ஊடுபயிராக அவரை நிற்கும். பனி விழுகிற மாதங்களில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. கம்ப்யூட்டரில் படம் போட்டு யாரும் யோசித்ததில்லை.

இரண்டு வருஷம் முன்பு தம்பி மகள் கல்யாணம். பந்தியில் இலைக்கு ஒரு சின்ன உருண்டை வைக்கலாமே என்றேன். தம்பி பதறினான். "அண்ணா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மெட்ராஸ். என்ன நினைப்பாங்க?" கடைசியில் 'மில்லட் கவுன்ட்டர்' என்று ஒரு மேஜை போட்டு, தங்கக் காகிதக் கிண்ணத்தில் கோலிக்குண்டு அளவு ராகி லட்டு வைத்தார்கள். சம்பந்தி என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்தப் பக்கம் நல்ல களி எங்கேங்க கிடைக்கும்?" என்றார். மறுநாள் காலை என் வீட்டில் இரண்டு உருண்டை சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

"வேறு வழியில்லாமல் மூன்று வேளையும் தின்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும், உனக்கென்ன" என்று சில நண்பர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். அலுத்துப்போனவர்கள் சோறு சாப்பிடட்டும், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒளித்துவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அதைத் தண்டனையாகவும் பேச வேண்டாம், மருந்தாகவும் விற்க வேண்டாம். சாப்பாடாக இலையில் வைத்தால் போதும். அடுத்த கல்யாணம் யார் வீட்டில் நடந்தாலும் பந்தியில் ஓர் உருண்டை வையுங்கள்.

அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. சோறு கட்டிக் கொடு என்றதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. பேரனுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டேன்: "நாம ஒரு தப்பும் பண்ணலடா. தாத்தாதான் ஒரு தடவை பண்ணினேன்."

இந்த மார்கழியில் அவரை வந்ததும் வீட்டுப் பக்கம் வாருங்கள். வருவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிவிடுங்கள், தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும்.