கைக்குக் கிரீம் தடவுவது மேக்கப் அல்ல



மதிய உணவுக்கு முன் உங்களை வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைத்த டீச்சர்தான் எழுதுகிறேன். இன்றும் கழுவத்தான் சொல்வேன். கழுவியபின் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு.

செவிலியராக இருக்கும் மாணவி ஒருத்தி தன் கையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். விரல் கணுவெல்லாம் கோடு கோடாக வெடிப்பு. "கிரீம் வாங்கினா, இந்த வயசுல மேக்கப்பான்னு வீட்ல கேக்கறாங்க டீச்சர்" என்கிறாள். கேட்டவர்களும் இதைப் படித்தால் நல்லது.

நம் தோல் லேசான அமிலத்தன்மை உடையது. சோப்பு காரம். சிவப்பு லிட்மஸ் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நீலமாக்கினோமே, நினைவிருக்கிறதா? அந்தக் காரம் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். சுடுதண்ணீர் இன்னும் மோசம். வெடித்த கையில் சோப்பு பட்டால் எரியும். எரிந்தால் கழுவவே மனம் வராது. வெடிப்பில் கிருமியும் தங்கும்.

1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்குக் கிருமிநாசினி பட்டுக் கைகள் புண்ணாயின. அவருக்காகவே மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட். பிறகு அவரையே மணந்துகொண்டார். (வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில்தான் கடைசி பெஞ்சு விழித்துக்கொள்ளும்.) ஒரு செவிலியரின் கையைப் பெரிதாக எண்ணியதால் வந்த பொருள் அது.

கழுவியதும் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஈரம் முழுதும் காயுமுன் வாசலினோ, வாசனையில்லாத கிரீமோ, தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். மோதிரத்தைக் கழற்றிக் கழுவுங்கள், அடியில் சோப்பு தங்கும். கையில் அழுக்கு தெரியாதபோது, கிளிசரின் கலந்த சானிடைசர் சோப்பைவிடத் தோலுக்கு இதமானது. ஆறாத வெடிப்புக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூச வேண்டாம்.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஒரு காலையில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறார். அவர் கையை என்றாவது பார்த்தீர்களா? அவருக்குக் கையுறையும் ஒரு டப்பா வாசலினும் வாங்கி வைப்பது தர்மம் இல்லை. சோப்பும் ஸ்க்ரப்பரும் வாங்குவதுபோல அதுவும் வேலைக்கான செலவு. இந்த மாத மளிகைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். கையுறை அவர் கைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.