எஸ்.பி.க்கே இந்தக் கதி

2021 பிப்ரவரி. சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன பெண் எஸ்.பி.யின் காரைப் பரனூர் சுங்கச்சாவடியில் போலீசே மறித்தது. 2023 ஜூனில் நம்ம விழுப்புரம் கோர்ட்டு ராஜேஷ் தாசுக்கு 3 ஆண்டு சிறை விதித்தது.

நீதி வென்றதென்று கைதட்டுகிறார்கள். தட்டட்டும். காக்கிச் சட்டை போட்டவளுக்கே வழிமறிப்பு என்றால், இரும்பைச் சேரியிலிருந்து பஸ் ஏறிப் போய் அரசு ஆபீசைக் கூட்டுகிறவள் யாரிடம் சொல்வாள்? ‘உன்னை எவன்டி தொடுவான்?’ இதுதான் அவளுக்குக் கிடைக்கும் முதல் விசாரணை.

சட்டம் யாரால் வந்தது? 1992இல் ராஜஸ்தானில் அரசுத் திட்டப் பணியாளராகக் குழந்தை மணத்தைத் தடுக்கப்போய்க் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார் குயவர் சாதிப் பன்வாரி தேவி. 1995இல் கோர்ட்டு அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தக் கொதிப்பில்தான் 1997இல் விசாகா தீர்ப்பும், 2013இல் சட்டமும் வந்தன.

தினக்கூலிக்காரியும் ஊழியரே என்கிறது சட்டம். எழுதத் தெரியாதவளுக்கு எழுத உதவணும். குழு அமைத்த உத்தரவை ஆபீசில் ஒட்டணும். எந்தச் சுவரில் பார்த்தீர்கள், தோழர்களே? மூணு மாசத்துக்குள் புகார் கொடுக்கணுமாம். யாரிடம் என்று கண்டுபிடிக்கவே மூணு மாசம் ஓடிடும்.

மாவட்டக் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி அல்லது பிற்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவராம். அந்த ‘அல்லது’வில்தான் நம்மவளைத் தொலைக்கிறார்கள். தலித் பெண் அங்கே உட்கார்ந்தே ஆகணும். குழுவின் பெயர்களைச் சேரிச் சுவரிலும் ஒட்டணும். அவர்கள் ஒட்டாவிட்டால் நாமே ஒட்டுவோம்.